அழுகிற தொண்டைக்கு ஏற்ற சுருதி

துக்க வீட்டிலிருந்து பாட்டு விஷயமாக என்னைக் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் இறந்தவரின் மகனாகவோ மகளாகவோ இருப்பதில்லை. மூத்த மருமகன், சித்தப்பா முறையுள்ள ஒருவர், பக்கத்து வீட்டு வாத்தியார் என்று, அழுகையிலிருந்து ஓரடி தள்ளி நின்று காரியம் பார்க்கிற ஒருவர்தான் கூப்பிடுவார். "சார், நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். ஐயர்ட்ட பேசியாச்சு. பாட்டு மட்டும் நீங்களே பாத்து வச்சிருங்க" என்பார். போனில் ஐஸ் பெட்டியின் இரைச்சலும், பந்தல்காரர்கள் இரும்புக் கம்பிகளை இறக்குகிற சத்தமும் சேர்ந்து கேட்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஆர்கன் வாசிப்பது என் ஊழியம். குருவானவரை இங்கே ஐயர் என்போம். ஆர்கன் என்பது பழக்கத்தில் நின்றுபோன பேர். காலால் மிதிக்கிற ஆர்மோனியத்தில் தொடங்கியவன், இப்போது கீபோர்டில் வாசிக்கிறேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பாட்டுகளை முடிவு செய்துவிடுவார்கள். பாடகர் குழு கூடிப் பழகும். அடக்கத்துக்கு இருப்பது ஓர் இரவு. அந்த இரவில் தேர்ந்தெடுக்கிற பாட்டு அந்தக் குடும்பத்தோடு ஆயுள் முழுவதும் இருக்கப்போகிறது. பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பாமாலைப் பாட்டை வாசிக்கத் தொடங்கும்போது, மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

"அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் வருகிற பதில், ஆலயத்தில் சொல்வதற்குத் தகுந்த பதிலாக இருக்கும். "அம்மா வேலை பாக்கும்போது வாயில என்ன பாட்டு ஓடும்?" என்று கேட்பேன். போனைப் பிடித்திருப்பவர் சற்று நிறுத்தி, உள்ளே போய்க் கேட்பார். அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண்குரல்தான் பதில் சொல்லும். அந்தப் பதிலை நான் எப்போதும் நம்புகிறேன். அரிசி புடைக்கும்போது பாடிய பாட்டு, பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த பாட்டு, அந்த வீட்டில் எல்லோருக்கும் வார்த்தை தெரிந்த பாட்டாக இருக்கும்.

வார்த்தை தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். அடக்க ஆராதனையில் கூடியிருப்பவர்கள் பாட வேண்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அன்றைக்கு யாருக்கும் மனம் நிலைகொள்ளாது. மூச்சு சீராக இல்லாத நேரத்தில், வாய்க்கும் மூச்சுக்கும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் நிற்பவரின் மூச்சோடு அதைச் சேர்த்துவிடுவதுதான் அங்கே பாட்டு செய்கிற காரியம். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவரை மைக் முன் நிறுத்திவிட்டால் மற்றவர்கள் தனித்தனியாக அழத் தொடங்குவார்கள். ஐந்நூறு பேர் சேர்ந்து பாடும்போது அழுகை வந்தாலும் அது பாட்டுக்குள்ளேயே வரும்.

ஆகையால் நான் முதலில் யோசிப்பது கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தைப் பற்றி. அழுகிற தொண்டை இறுகியிருக்கும்; மேல் சுரங்கள் உடையும்; மூச்சு பாதி வரிக்குத்தான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபை சிரமமில்லாமல் எட்டுகிற சுரத்தை அதே ஆட்கள் அடக்கத்தன்று எட்டமாட்டார்கள்.

'என்னோடிரும்' பாமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1847-இல் எழுதியது. அதே வருஷம் நவம்பரில் அவர் இறந்துபோனார். இன்று உலகமெங்கும் பாடுகிற ராகத்தை அதற்கு அமைத்தவர் வில்லியம் ஹென்றி மங்க், 1861-இல். அந்த ராகத்துக்கு 'ஈவன்டைட்' என்று பெயர். புத்தகத்தில் இரண்டரைக் கட்டையில் அச்சாகியிருக்கும். அடக்கத்துக்கு நான் அதை ஒரு கட்டைக்கு இறக்கிவிடுவேன். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆர்மோனியக் காலத்தில் கையாலேயே மாற்றி வாசிக்கப் பழகியிருந்தேன்.

அந்த ராகத்தின் கட்டமைப்பைப் பலகாலம் வாசித்த பிறகே கவனித்தேன். அது ஷட்ஜத்துக்குக் கீழே இறங்குவதில்லை. மேலே தைவதத்தோடு நின்றுவிடுகிறது. மேல் ஷட்ஜத்தைத் தொடுவதே இல்லை. ஆறு சுரத்துக்குள் முழுப் பாட்டும் முடிகிறது. கிழவிகளும் பாடலாம், குரல் உடைகிற வயசுப் பையன்களும் பாடலாம், அழுதுகொண்டும் பாடலாம்.

நம் பக்கத்து ராகங்களில் புன்னாகவராளியும் நாதநாமக்கிரியையும் அப்படித்தான். இரண்டும் நிஷாதத்தோடு நின்று திரும்பிவிடும் ராகங்கள். மேல் ஷட்ஜம் அவற்றில் கிடையாது. நாட்டுப்புறத்தில் ஒப்பாரி வைக்கிற பெண்களின் குரலில் இந்த இரண்டின் சாயலைக் கேட்கலாம். இசை இலக்கணம் படிக்காத அந்தப் பெண்களும், லண்டன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த மங்க்கும், துக்கத்தில் குரல் எவ்வளவு தூரம் ஏறும் என்பதை ஒரே மாதிரி அறிந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

இதற்கு மாறானது 'உம்மண்டை' பாமாலை. சாரா பிளவர் ஆடம்ஸ் எழுதிய இதற்கு, அமெரிக்காவின் லோவல் மேசன் 1856-இல் அமைத்த 'பெத்தனி' ராகத்தைத்தான் நாங்கள் வாசிக்கிறோம். எல்லோரும் விரும்பிக் கேட்கிற பாட்டு. ஆனால் அது கீழ்ப் பஞ்சமம் வரை இறங்கி, நடுவரியில் சட்டென்று மேலே ஏறும். அந்த இடத்தில் அடக்கத்துக் கூட்டம் திணறும். பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். பாடகர் குழு முழுசாக வந்திருந்தால் மட்டுமே அதை அடக்க ஆராதனையில் வைப்பேன். இல்லாவிட்டால் "அத நினைவு ஆராதனைக்கு வச்சுக்கலாமே" என்று வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்வேன்.

நம் ராக தாளத்தில் அமைந்த கீர்த்தனையில் ஒரு வசதி இருக்கிறது. மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலையில் பல்லவி பெரும்பாலும் இருக்காது. ஆறு சரணமும் ஆறு வெவ்வேறு வார்த்தை. புத்தகம் இல்லாதவர் பேசாமல் நிற்பார். கீர்த்தனையில் ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவி திரும்பி வரும். இறந்தவரோடு வேலை பார்த்தவர், பக்கத்துத் தெருக்காரர், ஆலயத்துக்குள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் வைக்கிற இந்து நண்பர் என எல்லோரும் மூன்றாவது தடவை பல்லவி வரும்போது பாடுகிறார்கள். பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து நமக்குக் கீர்த்தனைச் செல்வம் இருக்கிறது. சங்கராபரணம், செஞ்சுருட்டி என்று ராகமும் ஆதி, ரூபகம் என்று தாளமும் புத்தகத்தில் மேலேயே போட்டிருக்கும். ஓர் ஆராதனைக்கு மூன்று பாட்டு என்றால் ஒன்றாவது கீர்த்தனையாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கைப்பிரதி அச்சடிப்பதாக இருந்தால் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்வேன். கண்ணீர் நிறைந்த கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாது.

துக்கப் பாட்டு சோகமான ராகத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். "முகாரி மாதிரி ஏதாவது வாசிங்க சார்" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசான், பெட்டி ஆலயத்துக்குள் வரும்போது ஹாண்டலின் 'டெட் மார்ச்' வாசிப்பார். சபை எழுந்து நிற்கும். 1739-இல் லண்டனில் அரங்கேறிய 'சவுல்' என்ற இசை நாடகத்தில், சவுல் ராஜாவுக்கும் யோனத்தானுக்கும் துக்கம் கொண்டாடும் இடத்தில் வருகிற இசை அது. அரச மரியாதையோடு நடக்கிற அடக்கங்களில் இன்றும் வாசிக்கிறார்கள். அது சி மேஜரில் இருக்கிறது. நம் கணக்கில் சங்கராபரணம். கல்யாண மேளத்துக்கும் பொருந்துகிற அதே சுரங்களை, நடை தளர்ந்து, இடைவெளி விட்டு, கனமாக ஹாண்டல் வைத்திருக்கிறார். அதைப் பழகிய பிறகு, துக்கத்தை நடையிலும் நிறுத்தத்திலும் தேடுகிறவனாக ஆனேன். பேண்டு செட்காரர்கள் தெருவில் வாசிக்கிற ஷோப்பனின் மார்ச் வேறு வகை. அது பி பிளாட் மைனரில் இருட்டாக நடக்கும். தெருவுக்கு அது பொருந்தும். ஆலயத்துக்குள் நான் அதை வாசிப்பதில்லை.

இதே காரணத்தால் கல்யாணப் பாட்டு, அடக்கப் பாட்டு என்ற பிரிவையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்து மகாராணி எலிசபெத்தின் திருமணத்தில் 1947-இல் 23-ஆம் சங்கீதத்தை 'கிரிமண்ட்' ராகத்தில் பாடினார்கள். 2022 செப்டம்பரில் அவருடைய அடக்க ஆராதனையிலும் அதே ஆலயத்தில் அதையே பாடினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையன் விபத்தில் இறந்துபோனான். டிசம்பரில் கீத பவனி போகும்போது டிரம் அடித்துக்கொண்டு முன்னால் நடப்பவன். அவனுடைய அம்மா என்னிடம் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டார். மாதம் ஜூலை. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஐயர் என்னைப் பார்த்தார். "வைக்கலாம் ஐயா" என்றேன். அவனோடு பவனி போன பையன்கள் டிரம் இல்லாமல், மெதுவாக, அந்தப் பாட்டைப் பாடினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த அம்மாவும் பாடினார்.

சிறு குழந்தைகளின் அடக்கத்தைப் பற்றி அதிகம் எழுத என்னால் இயலாது. 'இயேசுவின் கைகள்' பாட்டை வைப்பேன். பார்வையற்ற கவிஞரான பேனி கிராஸ்பி 1868-இல் எழுதியது. தன் ஒரே குழந்தையைச் சிசுவாகவே பறிகொடுத்தவர் அவர். இரண்டு சரணம் போதும்.

ஒப்பாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் ஒப்பாரியை ஒழுங்கீனமாகப் பார்க்கிற பழக்கம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. நம்பிக்கையற்றவர்களைப் போல் அழக்கூடாது என்பார்கள். வீட்டில் பெண்கள் குரலெடுத்து அழத் தொடங்கியதும் யாராவது ஒரு பெரியவர் "பாட்டு எடுங்க, பாட்டு எடுங்க" என்று எங்களைத் துரிதப்படுத்துவார். பாட்டை வைத்து அழுகையை அமுக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

1798 பிப்ரவரியில் தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் இறந்தார். இளவரசர் சரபோஜி நேரில் வந்து கண்ணீர் விட்டு, உடலின் மேல் பொற்றுகில் போர்த்தினார். உடலை ஜெப ஆலயத்துக்கு எடுத்துப் போகும்போது ஞானப்பாட்டு பாடிக்கொண்டு போவதாக உடனிருந்த குருமார் திட்டமிட்டிருந்தார்கள். தோட்டத்தில் கூடியிருந்த ஏழைகளின் அழுகையும் புலம்பலும் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் புலம்பலை யாரும் அடக்கவில்லை. தமிழ் மண்ணில் நடந்த கிறிஸ்தவ அடக்கங்களில் மிகப் பெரிய ஒன்றில் பாட்டு வாய்மூடி நின்று அழுகைக்கு வழிவிட்டது. இதை அறிந்த நாளிலிருந்து நான் துக்க வீட்டில் அவசரப்படுவதே இல்லை.

பெட்டி மூடுகிற நேரம் அப்படிப்பட்டது. அதற்கென்று பாட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. மூடி இறங்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் குரலெடுத்து அழட்டும். யாரும் பாட வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். அழுகை ஒரு உச்சிக்குப் போய்த் தானாகவே ஒரு மூச்சுக்கு இறங்கும். அந்த இறக்கத்தில் எனக்கு ஒரு ஆள் வேண்டும்: சபையில் கணீரென்ற குரல் உள்ள ஒரு வயதான அம்மா. அவர் தாழ்ந்த சுருதியில் ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்துக் கொடுப்பார். அழுதவர்களே அதில் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு சபையிலும் இப்படி எடுத்துக் கொடுக்கிற ஓர் அம்மா இருக்கிறார். பாடகர் குழுவில் அவர் பெயர் இருக்காது. அவர் யாரென்று கண்டுபிடித்து வைத்திருப்பது ஆர்கன் வாசிக்கிறவனின் வேலைகளில் முக்கியமானது.

கல்லறைத் தோட்டத்துக்கும் நான் வாத்தியம் கொண்டுபோவதில்லை. பேட்டரி ஸ்பீக்கர் எடுத்து வருகிறோம் என்று இளைஞர்கள் ஆசையாகச் சொல்வார்கள், வேண்டாம் என்பேன். மண் போடுகிற சத்தம் கேட்க வேண்டும். அதோடு வெறும் குரல் சேர்ந்து நின்றால் போதும். ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டு நகர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே சரணங்களைத் திருப்பிப் பாடக்கூடிய பாட்டு வேண்டும். கடைசி ஆள் மண் போட்ட பிறகு, பாடிக்கொண்டிருக்கிற சரணத்தோடு நிறுத்திவிடலாம்.

நினைவு ஆராதனை முற்றிலும் வேறு. அது மாதம் கழித்தோ வருஷம் கழித்தோ வருகிறது. அழுகை அடங்கி, ஆட்கள் உட்கார்ந்து கேட்கத் தயாராக வருகிறார்கள். தனிப்பாடலும், பாடகர் குழு நான்கு குரலில் பழகிப் பாடுவதும், வயலினும் அன்றைக்குப் பொருந்தும். ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் போன்ற புதிய பாட்டுகளைப் பேரப்பிள்ளைகள் கித்தாரோடு பாட விரும்பினால் தாராளமாகப் பாடட்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற மகனுக்கு அங்கே பழகிய ஆங்கிலப் பாட்டு வேண்டுமென்றால் அதற்கும் அன்றுதான் இடம். அடக்கத்துக்குக் கேட்கிறவர்களிடம் இதைப் பொறுமையாக விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆசைப்பட்டதையெல்லாம் ஒரே நாளில் அடக்கிவிட வேண்டும் என்ற பதற்றம்தான் அடக்க ஆராதனையை நீட்டிக்கெடுக்கிறது.

சினிமாப் பாட்டு கேட்பார்களா என்று பலர் என்னிடம் விசாரிப்பதுண்டு. கேட்பார்கள். 1962-இல் வந்த 'பாத காணிக்கை' படத்துக்குக் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடிய தத்துவப் பாட்டு, சாதி மதம் பாராமல் தமிழ்நாட்டின் எல்லாச் சாவு வீடுகளிலும் ஒலித்திருக்கிறது. ஆலய ஆராதனையில் அதற்கு இடமில்லை என்பதில் நான் ஐயர்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் முந்தின நாள் இரவு, பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கண்விழித்து இருக்கிறவர்கள் பாடட்டுமே. ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர் அண்ணாச்சியின் அடக்கத்துக்கு முந்தின இரவு, அவரோடு டிப்போவில் வேலை பார்த்தவர்கள் விடியும்வரை டி.எம்.எஸ். பாட்டுகளாகப் பாடினார்கள். அவர்களில் பலர் இந்துக்கள், முஸ்லிம்கள். மறுநாள் ஆலயத்திலும் அதே ஆட்கள்தான் பல்லவியைச் சத்தமாகப் பாடினார்கள். இரவில் குரல் திறந்திருந்ததால்தான் பகலில் அது சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

இப்போது புதிதாக வந்திருக்கிற ஒரு கோரிக்கை, இறந்தவரே பாடிய பாட்டைப் போனிலிருந்து ஒலிக்கவைப்பது. அடக்கத்தன்று இதை நான் உறுதியாகத் தடுக்கிறேன். பெட்டிக்குள் கிடப்பவரின் குரல் ஸ்பீக்கரில் வந்தால் மனைவி தாங்கமாட்டார்; பிள்ளைகளும் தாங்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், வேறு இரண்டு இடத்திலும் பத்திரப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொள்வேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குக் குடும்பம் கூடும்போது வீட்டில் வைத்து அதைக் கேட்கலாம்.

வாசிப்பைப் பற்றி இளைய ஆர்கன்காரர்களுக்குச் சில வார்த்தை. அடக்கத்தன்று உங்கள் கைத்திறமையைக் காட்ட வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள், சபையின் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும். வரியின் முடிவில் அவர்கள் மூச்சு எடுக்கும்வரை காத்திருங்கள். தாளம் சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை, மூச்சுக்கு இடம் விடுங்கள். ஒரு சரணத்தில் திடீரென்று குரல்கள் குறைந்தால் அவர்கள் அழுகிறார்கள் என்று அர்த்தம். வாத்தியத்தை ஏற்றி அந்த இடைவெளியை நிரப்பாமல் ராகத்தை மட்டும் ஒற்றை விரலில் நடத்திக்கொண்டு போங்கள். அடுத்த சரணத்தில் திரும்ப வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இதைப் பேச வீடுகளில் கூச்சப்படுகிறார்கள். "நல்லா இருக்கும்போது என்ன பேச்சு இது" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். பிறகு அந்த ஓர் இரவில், எதுவும் தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு "நீங்களே பாத்து வச்சிருங்க" என்கிறார். உங்கள் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் மூன்று பாட்டுகளைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஒன்றாவது உங்கள் தெருக்காரர்களுக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். வீட்டில் யாராவது ஒருவரிடம் அதைச் சொல்லியும் வையுங்கள். எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஆகவே எண்ணோடு முதல் வரியையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.